ரத்தம் என்றால் முகத்தைத் திருப்பும் எனக்குக் கெங்கன் அஷுரா ஏன் பிடித்துத் தொலைத்தது?

நடுநிசி_பார்வை:

படத்தில் ஊசி போடுகிற காட்சி வந்தாலே சுவரைப் பார்க்கிறவன் நான். சண்டைப் படங்களும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. போன வாரம் தூக்கம் வராத ஒரு ராத்திரியில், ஒரே ஒரு எபிசோடு பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்று கெங்கன் அஷுரா என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரை ஓடவிட்டேன். இரண்டே ராத்திரியில் 24 எபிசோடும் முடிந்துவிட்டது. எலும்பு உடைகிறது, மூக்கு நசுங்குகிறது, ரிஹிட்டோ என்று ஒருவன் வெறும் விரல் நுனியால் எதிராளியின் சதையைச் சீவுகிறான், நான் பாட்டுக்கு அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே இருக்கிறேன்.

கதையைச் சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஜப்பானில் பெரிய நிறுவனங்களுக்குள் தகராறு வந்தால் வக்கீல் வைத்துக்கொள்வதில்லை, ஆளுக்கொரு சண்டைக்காரனைக் களத்தில் இறக்கிவிட்டு அதன்படி தீர்த்துக்கொள்கிறார்கள், அதுவும் சில நூற்றாண்டுக்கு முந்தைய எடோ காலத்திலிருந்தே இப்படித்தானாம். இதைப் போய் நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். எனக்குள் எங்கேயோ ஒரு முரடன் ஒளிந்திருக்கிறானா, இல்லை வேறு எதுவோ என்னை இழுக்கிறதா? அப்புறம், இதே மாதிரி என்று எல்லோரும் பாகி என்ற இன்னொரு சண்டைத் தொடரைச் சொல்கிறார்கள், அதைப் பார்க்கலாமா? இரண்டாம் சீசன் இன்னும் தொடவில்லை, தயவுசெய்து யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம்_சுற்று:

முரடன் எல்லாம் இல்லை ப்ரோ, கணக்குதான் உங்களை இழுத்திருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்தத் தொடரில் நடக்கிற போட்டியில் 32 பேர். தோற்றவன் வெளியே. மொத்தம் 31 சண்டை. நாயகன் ஓமா கடைசிவரை போனாலும் அவன் மோதுவது 5 சண்டைதான், மிச்சம் 26 சண்டையில் கதாநாயகனே கிடையாது. மற்ற கதைகளில் நாயகன் அடிவாங்கும்போது நமக்கு உள்ளுக்குள் தெரியும், இவன் எப்படியும் எழுந்துவிடுவான், இன்னும் பாதிக் கதை மிச்சம் இருக்கிறதே என்று. இங்கே அந்த 26 சண்டையில் யார் எழுவான் என்று சொல்ல எந்தப் பிடியும் இல்லை. ஒவ்வொருவனுக்கும் ஒரு முன்கதை சொல்லி, அவன் பக்கம் நம்மைச் சாயவைத்து, அதே எபிசோடில் எதிராளியின் முன்கதையையும் சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

கனேடா ஞாபகம் இருக்கிறதா? பிறவியிலேயே நோஞ்சான் உடம்பு. பலம் இல்லை, எதிராளியின் அடுத்த அசைவை முன்கூட்டியே படிக்கிற மூளை மட்டும்தான் இருக்கிறது. அவனுக்குக் கிடைத்த எதிராளி கவுலாங், தாய்லாந்துக்காரன், குத்துச்சண்டையில் மின்னல். கனேடா தோற்றான். தோற்றது சரிதான் என்று அறிவு சொல்கிறது, ஆனால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரத்தம் பிடிக்கிறவனுக்கு இப்படி ஆகுமா சொல்லுங்கள். ஜெயித்தவன் யார் என்பதே எனக்கு மறந்துவிடும், தோற்றவன்கள்தான் நிற்கிறார்கள்.

பாய்_வாசி:

ஆறு வருடமாக ஜுஜிட்சு (பிடிபோட்டு மடக்குகிற தற்காப்புக் கலை) பழகுகிறேன், அதனால் என் பார்வை கொஞ்சம் வேறு. இந்த மாதிரித் தொடர்களில் முக்கால்வாசி டூப். ஆனால் அந்தக் கால்வாசி உண்மையை வைக்கிற இடம் சரியாக இருக்கிறது.

காஸ்மோ இமாய் ஆடம் டட்லியோடு மோதுவதை மறுபடி பாருங்கள். டட்லி ஐஸ் ஹாக்கி அடிதடியில் வளர்ந்தவன், எந்த நிலையில் நின்றாலும் முழு பலத்தோடு குத்துகிறவன். காஸ்மோ கையில் இருப்பது கழுத்துப் பிடி. கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுகிற ரத்தக் குழாய்களைச் சரியாக அழுத்தினால் எவ்வளவு பெரிய ஆளும் சுமார் 10 விநாடியில் மயங்கிவிடுவான், தசை எவ்வளவு இருந்தாலும் அதற்குப் பயன் இல்லை. மூச்சு முட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், மூச்சே அங்கே பிரச்சினை இல்லை. முதல் தடவை என் கழுத்தில் அந்தப் பிடி விழுந்தபோது வலிக்கவே இல்லை, காதுக்குள் ஒரு இரைச்சல், பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கியது, தோற்றேன் என்று கையால் தட்டிவிட்டேன். காஸ்மோ மாதிரி ஒல்லிப் பையன் மலை மாதிரி ஆளை வீழ்த்துவது அனிமே மிகையாகத் தெரியும், அந்தத் தொடரிலேயே ரொம்ப நிஜமான விஷயம் அதுதான்.

பொய் எங்கே என்றால், வெறும் முஷ்டியால் ஐம்பது தடவை மண்டையில் குத்துவது. நிஜத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற எலும்பு முதலில் போய்விடும், நெற்றி அப்படியேதான் இருக்கும். குத்துச்சண்டை உறை மண்டையைக் காப்பாற்றுவதைவிடக் கையைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது.

தொழில்முறை மல்யுத்தக்காரன் செகிபயாஷியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுமோக்காரன் கியோசானின் அடிகளை அவன் விலகாமல் முழுசாக வாங்குகிறானே, அது முட்டாள்தனமாகத் தோன்றலாம். தொழில்முறை மல்யுத்தத்தில் எதிராளியின் வித்தையை உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் தொழில் தர்மம். அவன் அதை உயிர் போகிற சண்டைக்குள்ளும் கொண்டுவருகிறான். பொய்ச் சண்டைக்காரன் என்று நாம் கேலி செய்கிற ஒருவன்தான் அந்தக் கூட்டத்திலேயே கொள்கை மாறாதவன். நான் எழுந்து கைதட்டினேன், வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கசுவோ_கட்சி:

எல்லோரும் சண்டைக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், யாமாஷிட்டா கசுவோவை ஒருத்தரும் சொல்லவில்லையே. 56 வயது, அலுவலகத்தில் யாரும் மதிக்காத ஊழியர், தலை குனிந்து குனிந்தே கழுத்து வளைந்துபோன மனிதர். சந்தில் இரண்டு பேர் மோதிக்கொள்வதைத் தற்செயலாகப் பார்க்கிறார், ஓடிப்போக வேண்டிய ஆள் அப்படியே நின்றுவிடுகிறார். நடுங்குகிறார், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நடுநிசி, அது நீங்கள்தான். ஊசியைக் கண்டால் சுவரைப் பார்க்கிறவர்களுக்கென்றே ஒரு ஆளைக் கதைக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள்.

எனக்கும் அவர் வயது நெருங்குகிறது. சண்டை நுட்பம் ஒன்றும் எனக்குப் புரியாது, என் பையன் பார்த்துக்கொண்டிருந்தான், நான் துணி மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த மனிதர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நிமிர்வது எனக்குப் போதுமாக இருந்தது. ஓமா எத்தனை பேரை அடித்தான் என்று கேட்டால் தெரியாது.

எதிர்க்கட்சி:

எல்லோரும் சேர்ந்து இதை இலக்கியம் ஆக்கிவிடுவீர்கள் போல. சரி, குறையையும் ஒருவன் சொல்ல வேண்டாமா. முதல் சீசனின் முப்பரிமாண அசைவு எனக்குக் கடைசிவரை பழகவில்லை. சண்டையில் நன்றாக இருக்கிறது, நின்று பேசும்போது எல்லோரும் கடை வாசல் பொம்மை. பெண்கள் என்றால் பெரும்பாலும் செயலாளர்கள், முதலாளி பக்கத்தில் நின்று அதிர்ச்சி அடைவது அவர்கள் வேலை. ஒரு குத்து விழுந்தால் போதும், பார்வையாளர் வரிசையில் நாலு பேர் அதற்கு உரை எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அதோடு, வன்முறைக்காகப் பார்க்கவில்லை என்று எல்லோரும் கையைக் கழுவுவது எனக்கு ஒப்பவில்லை. அடி விழும் சத்தம் பிடிக்கிறது, அந்தத் தசைகளை வரைந்த விதம் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கிறது, அதனால் பார்க்கிறேன். இதற்கு ஏன் கணக்கும் தர்மமும்?

பாகி பற்றிக் கேட்டீர்கள். தெரிந்து இறங்குங்கள். 2018-ல் வந்த பாகி போட்டித் தொடரே இல்லை. தோல்வி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடு ஐந்து மரண தண்டனைக் கைதிகள் சிறை உடைத்து டோக்கியோவுக்கு வருகிறார்கள், அவ்வளவுதான் கதை. 2020-ல் வந்த அடுத்த பகுதியில் நூறு ஆண்டுக்கு ஒருமுறை சீனாவில் நடக்கும் போட்டி என்று பெரிதாக ஆரம்பித்து, பாதி வழியில் அட்டவணையையே தூக்கிப்போட்டுவிட்டு நாட்டுக்கு நாடு மோதல் என்று மாற்றிவிட்டார்கள். மூன்றாம்_சுற்று சொன்ன 32 பேர் கணக்குதான் உங்களுக்கு வேண்டும் என்றால் 2001-ல் வந்த பழைய தொடருக்குப் போங்கள். டோக்கியோ டோமுக்குக் கீழே ரகசியக் களம், ஆயுதம் கூடாது, மற்றதெல்லாம் கூடும். படம் பழசு, ஆனால் அங்கேதான் அந்தக் கணக்கு உண்டு.

2021-ல் வந்ததில் பாகி 100 கிலோ எடையுள்ள ஒரு கும்பிடுபூச்சியைக் கற்பனை செய்துகொண்டு அதோடு மோதிப் பயிற்சி எடுப்பான், உடம்பில் காயமும் விழும். அதைச் சிரிக்காமல் பார்க்க முடிந்தால் நீங்கள் எங்கள் ஆள்.

பழைய_டேப்:

இதற்கு ஏன் கணக்கும் தர்மமும் என்ற எதிர்க்கட்சியின் கேள்விக்கு என் பதில். எந்தச் சண்டைக் கலை ஜெயிக்கும் என்பது ஒரு காலத்தில் நிஜமாகவே யாருக்கும் தெரியாத கேள்வியாக இருந்தது.

1976 ஜூன் 26, டோக்கியோ புடோகான். முகமது அலியும் மல்யுத்த வீரர் இனோக்கியும் மோதினார்கள். இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் காலை உதைத்தார், 15 சுற்று, கடைசியில் சமன். பார்த்தவர்கள் கொந்தளித்தார்கள், அலியின் கால்களோ வீங்கிப்போய்ச் சிகிச்சை தேவைப்பட்டது. அந்த இனோக்கியை அப்படியே உரித்து வைத்த ஒரு பாத்திரம் பாகியில் உண்டு. பாகியின் மூலச் சித்திரக்கதை (மங்கா) தொடங்கியது 1991-ல், வரைந்த இடாகாகி ஜப்பானியத் தற்காப்புப் படையில் இருந்தவர், குத்துச்சண்டை போட்டவர்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1993 நவம்பரில், அமெரிக்காவின் டென்வரில் எல்லாக் கலைக்காரர்களும் மோதுகிற யுஎஃப்சி போட்டி முதல்முறையாக நடந்தது. எட்டுப் பேர், எடைப் பிரிவு கிடையாது, கடிக்கவும் கண்ணைத் தோண்டவும் கூடாது. முதல் சண்டையிலேயே 180 கிலோவுக்கு மேல் இருந்த சுமோக்காரரின் பல்லை ஹாலந்துக்காரர் ஒருவர் உதைத்துத் தெறிக்கவிட்டார். ஒரு குத்துச்சண்டைக்காரர் ஒரே ஒரு கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்தார், ஏன் என்று இன்றைக்கும் பேசுகிறோம். எதிர்த்த மூன்று பேரையும் ஒரே இரவில் அடக்கி ஜெயித்தவர் 80 கிலோ சொச்சம் இருந்த ஜுஜிட்சுக்காரர் ஹாய்ஸ் கிரேசி, அங்கே இருந்தவர்களில் ஒல்லியானவர். பாய்_வாசி முகத்தில் சிரிப்பு தெரிகிறது.

ஆனால் அதோடு அந்தக் கேள்வி செத்துப்போனது. அதற்கப்புறம் எல்லோரும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள், எடைப் பிரிவு வந்தது, உறை வந்தது, நேரக் கணக்கு வந்தது. நல்லதுதான், இல்லாவிட்டால் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. இன்றைக்கு இரண்டு வீரர்கள் மோதினால் இருவரும் ஏறக்குறைய ஒரே பாடத்தைப் படித்தவர்கள். சுமோக்காரன் சுமோக்காரனாகவே, கராத்தேக்காரன் கராத்தேக்காரனாகவே வந்து நின்று மோதுவதை இனி அனிமேயில்தான் பார்க்க முடியும். நான் கெங்கனைப் பார்ப்பது அதற்காகத்தான்.

நடுநிசி_பார்வை:

எல்லோருக்கும் நன்றி. கசுவோ_கட்சி சொன்னதும் முதல் எபிசோடை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தச் சந்தில் அவர் நிற்கிற இடத்தில் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது, என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். எதிர்க்கட்சி, உண்மையைச் சொல்கிறேன், அடி விழும் சத்தம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஊசிக் காட்சியை மட்டும் இன்னும் பார்க்க முடியவில்லை.

இன்று ராத்திரி இரண்டாம் சீசன். அப்புறம் இரண்டு தொடரும் மோதிக்கொள்கிற அந்த 2024 படம் எப்போது பார்க்க வேண்டும், முன்னாலா பின்னாலா?

எதிர்க்கட்சி:

பின்னால். ஒரு மணி நேரம்தான், இரண்டு பக்கத்து ஆட்களையும் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் ருசி.

மூன்றாம்_சுற்று:

முடிக்கும்வரை தேடுபெட்டியில் யார் பெயரையும் தட்டாதீர்கள் ப்ரோ. ஒரு பெயரை அடித்தாலே மிச்சத்தை அதுவே நிரப்பிக் காட்டிவிடும், எனக்கு அரையிறுதி அப்படித்தான் போனது.