'ரெக்கார்டிங் அடாப்டர்': தரைவழித் தொலைபேசிக்கு ஒரு கலைச்சொல்

கோவையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்களுக்கான கையேடு ஒன்று தயாராகிறது. மூத்தவர்கள் பலர் இன்றும் வீட்டுத் தொலைபேசியில்தான் நிதானமாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைப் பேசுபவரின் ஒப்புதலோடு பதிந்துகொள்ளக் கடைகளில் 'டெலிபோன் ரெக்கார்டிங் அடாப்டர்' என்று ஒரு சிறு பெட்டி கிடைக்கிறது. ஒரு பக்கம் தொலைபேசிக் கம்பி செருகும் ஆர்ஜே-11 சாக்கெட், மறுபக்கம் பதிவுக்கருவியில் செருகும் 3.5 மி.மீ. பின். கையேடு முழுக்க இதைத் தமிழில் எழுத வேண்டும். 'பதிவுத் தகவி' என்று வைத்திருக்கிறேன். 'அழைப்புப் பதிவு இணைப்பி' என்றும் ஒரு பரிந்துரை வந்தது. எது பொருந்தும்?

திருச்சியிலிருந்து

> 'பதிவுத் தகவி' என்று வைத்திருக்கிறேன்.

ஐயா, இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊரில் அடாப்டர் என்றாலே சுவரில் செருகும் மின்சாரக் கட்டைதான் நினைவுக்கு வரும். 'தகவி' என்று பெயர்த்தாலும் அந்த நினைவு கூடவே வரும். வாசகர் அதை 230 வோல்ட் பிளக்கில் செருக இடம் தேடுவார். 'இணைப்பி' என்ற சொல் ஆர்ஜே-11 முனைக்கே வேண்டியிருக்கிறது. ஒரே பத்தியில் இரண்டு இணைப்பி வந்தால் எது எதில் போகிறது என்று புரியாது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். ரிசீவர் தாங்கியில் இருக்கும்போது, எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வரும் இரட்டைக் கம்பியில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கிறது. எடுத்தவுடன் அது 6 முதல் 10 வோல்ட்டுக்கு இறங்கி, 20 முதல் 40 மில்லிஆம்பியர் ஓடுகிறது. மணி அடிக்கும்போது அந்த 48 வோல்ட்டின் மேல் சுமார் 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் ஏறுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் நமக்கு வேண்டிய குரல் கால் வோல்ட் அளவுதான். அதுவும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும்.

ஆகவே பெட்டிக்கு மூன்று வேலை. நேர்மின்சாரத்தைத் தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து அழைப்பவருக்கு எப்போதும் எங்கேஜ்டு ஒலிதான் கேட்கும். குரலை மைக் அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். கம்பியையும் பதிவுக்கருவியையும் மின்வழியில் பிரித்து வைக்க வேண்டும்.

கையால் செய்பவர்களுக்கு என் அளவுகள்: ஆர்ஜே-11இன் நடு இரண்டு பின்களிலிருந்து வரும் கம்பி ஒவ்வொன்றிலும் 250 வோல்ட் தாங்கும் 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கி, அதைத் தொடர்ந்து 10 கிலோஓம் மின்தடை. பிறகு 600:600 ஓம் மின்மாற்றி. பழைய 56கே மோடம் அட்டையில் இதே மின்மாற்றி இருக்கும், கழற்றிக்கொள்ளலாம். வெளியேறும் பக்கம் குறுக்கே 680 ஓம், அதோடு எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோடு. குரல் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகக் குறைந்து 8 மில்லிவோல்ட் அளவில் வரும், மைக் வாசலுக்கு அது போதும். கீழ் எல்லை 155 ஹெர்ட்ஸ் அளவில் விழுவதால் பேச்சில் எதுவும் வெட்டுப்படாது. மணி ஒலியின்போது உள்ளே போவது அரை மில்லிஆம்பியருக்குச் சற்று மேல்தான். அதிர்ச்சித் துடிப்பு வந்தால் டயோடு 0.7 வோல்ட்டில் கட்டிவிடும்.

மின்தேக்கியையும் மின்தடையையும் இரண்டு கம்பியிலும் சமமாகப் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால் இரட்டைக் கம்பியின் சமநிலை கெட்டு, 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பேசுகிறவர் காதுக்கே வந்துவிடும்.

இவ்வளவும் செய்து பெட்டி தருவது ஒலி ஒன்றைத்தான். அது எதையும் பதிவதில்லை. பதிவது வேறு கருவி. அதனால் பெயரில் 'பதிவு' வரக்கூடாது. கம்பியில் ஓடும் ஒலியை எடுத்துக் கொடுப்பதால் ஒலியெடுப்பி என்று சொல்லலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். 'ஒலியெடுப்பி' எனக்குப் பிடித்திருக்கிறது. இசைத்தட்டின் ஊசிமுனைக்கும் கிற்றாரின் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தத்துக்கும் ஆங்கிலத்தில் 'பிக்கப்' என்ற ஒரே சொல்தான். மூன்றிலும் நடப்பது ஒரே செயல் என்பதால் தமிழிலும் ஒரே சொல் இருப்பது நல்லது.

இங்கே பாடநூல்களில் மின்தேக்கியைக் கொள்ளளவி என்றும், மின்மாற்றியை நிலைமாற்றி என்றும், மின்தடையைத் தடையி என்றும் எழுதுகிறோம். கையேடு இரு கரைக்கும் போவதாக இருந்தால் முதன்முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்துத் தந்துவிடுங்கள்.

ஆனால் திருச்சி ஐயா சொன்னது ஒரு வகைதான். அதே பெயரில் கடையில் மூன்று சாமான்கள் விற்கிறார்கள். வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான், ஆகவே பிரிவுப்பெயர்களும் வேண்டும்.

இரண்டாவது வகை, ரிசீவருக்கும் தொலைபேசிப் பெட்டிக்கும் இடையிலுள்ள சுருட்டு வயரில் செருகுவது. அங்கே முனை சிறியது, நாலு கம்பி. பெரும்பாலும் நடு இரண்டும் காதுக்கு, ஓர இரண்டும் வாய்க்கு. காதுச் சோடியிலிருந்து எடுத்தால் எதிர்முனைக் குரலும், நம் குரலின் மெல்லிய எதிரொலியும் சேர்ந்து கிடைக்கும். மணி மின்னழுத்தம் அங்கே வராது, எனவே பயமில்லை. ஆனால் சில தயாரிப்புகளில் கம்பி வரிசை மாறியிருக்கும். மாறினால் நம் குரல் மட்டும் பதியும், எதிர்முனை காற்றோடு போய்விடும். கம்பியில்லா ரிசீவருக்கு இந்த வகை பயன்படாது.

மூன்றாவது, ரப்பர் உறிஞ்சியால் ரிசீவரின் முதுகில் ஒட்டும் சுருள். மின்தொடர்பே கிடையாது. காதுக் குழிவில் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து கசியும் காந்தப்புலத்தைப் பிடிக்கும். காதுப்பகுதி பீங்கான் வகையாக இருந்தால் காந்தப்புலமே இல்லை, என்ன செய்தாலும் ஒலி வராது. குழல்விளக்குச் சோக்கும் கைபேசிச் சார்ஜரும் அருகில் இருந்தால் அவற்றின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். ஒட்டிய இடத்தைச் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக நகர்த்தி, டயல் ஒலி உரக்கக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பதிவுக்கருவி மைக்குக்கு அனுப்பும் சிறு நேர்மின்னழுத்தம் சுருளுக்குள் ஓடாமலிருக்க, நடுவில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கொள்ளளவி போடுவது நன்று.

முதலாவது கம்பியெடுப்பி, இரண்டாவது ரிசீவரெடுப்பி, மூன்றாவது சுருளெடுப்பி என்று சுருக்கலாமா?

கோவையிலிருந்து

> கம்பியெடுப்பி... சுருளெடுப்பி என்று சுருக்கலாமா?

'கம்பியெடுப்பி' என்றால் கம்பியையே எடுப்பது போலப் படுகிறது. நீளமானாலும் 'கம்பி ஒலியெடுப்பி' என்றே இருக்கட்டும். சுருளிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் வகை செருகப்படுவதே சுருட்டு வயரில்தான். வாசகர் அதைத்தான் நினைப்பார். மூன்றாம் வகை ஒட்டிக்கொள்வதால் 'ஒட்டு ஒலியெடுப்பி' எனலாமா? ரிசீவரைக் 'கைப்பேசி' என்றும் எழுத முடியாது, அந்தச் சொல்லை செல்போன் எடுத்துக்கொண்டது.

மதுரையிலிருந்து

'ஒட்டு' வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். செய்தித்தாள் தமிழில் 'ஒட்டுக்கேட்பு' என்பது இருவர் பேசுவதை மூன்றாமவர் அவர்களுக்குத் தெரியாமல் கேட்பது. உச்ச நீதிமன்றம் அதை அந்தரங்க உரிமை மீறல் என்று 1996 டிசம்பரில், பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் வரையறைகளோடு பேசியது. பேசுகிறவரே தன் தொலைபேசியில் பதிவது வேறு. மல்கானி எதிர் மகாராட்டிர அரசு வழக்கில், 1972இல், தொலைபேசியோடு பொருத்திய டேப் ரெக்கார்டரின் பதிவைத்தான் நீதிமன்றம் ஆராய்ந்தது. பேசியவர்களில் ஒருவர் சம்மதித்துப் பதியவைத்தால் அது தந்திச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் குற்றமாகாது என்றது. குரல் யாருடையது என்று அடையாளம் காணப்பட வேண்டும், பதிவில் கைவைக்கப்படவில்லை என்று காட்டப்பட வேண்டும், பொருத்தமான பேச்சாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதில் உண்டு. சட்டம் பிரித்து வைத்திருப்பதை நம் சொல் கலந்துவிடக் கூடாது.

வாய்மொழி வரலாற்றுக்கு அந்தக் குறைந்தபட்ச வரம்பு போதாது. பதிவின் முதல் அரை நிமிடத்தில் பெயரும் தேதியும் சொல்லி, 'பதிந்துகொள்ளலாமா?' என்று கேட்டு, அவர் 'சரி' என்பது ஒலியாகவே இருக்கட்டும். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் இருப்பவரை அழைத்தால் அங்கே பேசும் எல்லாரின் சம்மதமும் கட்டாயம். பதிவு ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால் மூலக்கோப்பைத் தொடாமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) கேட்கிறார்கள். பதிந்த அன்றே எஸ்ஹெச்ஏ-256 முறையில் அந்த மதிப்பை எடுத்துக் குறித்து வைப்பது எளிது.

மூன்றாம் வகைக்குக் காந்த ஒலியெடுப்பி சரியாக இருக்கும். வேலை செய்யும் முறையே பெயரில் வந்துவிடுகிறது.

திருச்சியிலிருந்து

காந்த ஒலியெடுப்பி நன்றாக இருக்கிறது. இரண்டாம் வகைக்குக் கைப்பிடி ஒலியெடுப்பி. ரிசீவரைக் கைப்பிடி என்று பழைய லைன்மேன்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், கையேட்டில் ஒரு முறை படத்தோடு காட்டினால் நிலைத்துவிடும்.

கையேட்டில் குறைகளுக்கு ஒரு பகுதி வையுங்கள். வாங்கியவர்கள் கைவிடுவது பெரும்பாலும் மூன்று காரணத்தால்.

மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுக்கொண்டு பதிந்தால் 'ம்ம்ம்' என்று இரையும். மின்மாற்றி இல்லாத மலிவுப் பெட்டியில், தொலைபேசிக் கம்பியின் தரையும் சார்ஜரின் தரையும் ஒலிவழியே இணைந்துவிடுவதுதான் காரணம். பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள், இரைச்சல் நின்றால் அதுவேதான். அகலப்பட்டை இணைப்பு அதே செம்புக் கம்பியில் வந்தால் ஒலியெடுப்பியை, இணையத்தையும் குரலையும் பிரிக்கும் வடிகட்டிக்குப் பின்னால், தொலைபேசிப் பக்கத்தில் செருகுங்கள். முன்னால் செருகினால் இணையமும் தடுமாறும், பதிவிலும் சீறல் வரும்.

அடுத்தது அளவு வேறுபாடு. கம்பியில் நம் குரல் அருகிலிருந்து வருகிறது, அவர் குரல் கிலோமீட்டர்கள் தாண்டித் தேய்ந்து வருகிறது. நம் குரல் வெட்டுப்படாத அளவில் நிலையை வைத்துவிட்டு, பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இறுக்கிச் சமன்செய்ய வேண்டும். அவர் குரலுக்கு ஏற்றி வைத்தால் நம் கேள்விகள் கரகரவென்று உடையும், உடைந்ததைத் திருத்த முடியாது. 8000 மாதிரி, 16 பிட், ஒற்றைத் தடம் போதும். ஒரு மணி நேரம் 57.6 எம்.பி. கம்பியே 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் தராதபோது 44,100 வைத்து இடத்தை நிரப்புவதில் பயனில்லை.

மூன்றாவது, ரிசீவரை எடுத்ததும் பதிவைத் தானே தொடங்கும் வகை. 48 வோல்ட் இறங்குவதை உணர்ந்து 2.5 மி.மீ. பின் வழியே டேப் ரெக்கார்டரை ஓடவிடும். கம்பி கழன்று பூஜ்ய வோல்ட் ஆனாலும் அதற்கு 'எடுத்துவிட்டார்கள்' என்றே பொருள், நாடா முடியும் வரை ஓடும். ஃபைபர் இணைப்பின் தொலைபேசி வாசல் சிலவற்றில் ஓய்வு மின்னழுத்தமே குறைவு. 30 வோல்ட்டில் முடிவெடுக்கும் பெட்டி அங்கே பதிவை நிறுத்தவே நிறுத்தாது. கம்பிகளை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் வேலை செய்ய வைக்கும் டயோடு பாலம் உள்ளே இல்லாவிட்டால் இரண்டு கம்பியையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். இப்போதைய டிஜிட்டல் கருவிகள் பெரும்பாலானவற்றில் அந்த 2.5 மி.மீ. வாசலும் இல்லை. அதற்குப் பதிலாகக் குரல் கேட்டால் தொடங்கும் வசதியைப் போடாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையும் போகும், பேசுபவர் யோசிக்கும் மௌனமும் போகும். கையால் தொடங்கி, கடைசி வரை ஓடவிடுங்கள்.

இந்தத் தானே தொடங்கும் பகுதிக்கும் ஒரு பெயர் வேண்டும். 'தானியக்கி' பொதுவாகப் போய்விடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து

அது உணர்வது ரிசீவர் எடுக்கப்பட்டதை. 'எடுப்புணரி' என்றால் ஒலியெடுப்பியோடு குழம்பும். கம்பியின் மின்னழுத்தத்தைத்தான் அது பார்க்கிறது, ஆகவே 'கம்பியுணரி'. 'கம்பியுணரி உள்ள ஒலியெடுப்பி', 'கம்பியுணரி அற்ற ஒலியெடுப்பி' என்று பொருள் பட்டியலில் பிரித்தெழுதலாம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். கோவை ஐயா, அச்சுப்படியில் 'அடாப்டர்' என்று எங்கெல்லாம் வந்திருக்கிறதோ, அவற்றில் மின்சாரக் கட்டையைக் குறிக்கும் இடங்களை மட்டும் மாற்றாமல் விடுங்கள்.