1990 வரை பாலிதீன் பை நுழையாத வீட்டுக்குள் 1991ல் அதைக் கொண்டுவந்தது யார்?

கொக்கிரகுளத்தாள்:
தாமிரபரணி ஆற்றுக் குப்பையைப் பற்றிய இணைய இழையில் பேட்டைப் பெரியவர் நேற்று எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்.

"1990 வரை எங்கள் வீட்டுக்குள் ஒரு பாலிதீன் பைகூட நுழைந்ததில்லை. எண்ணெய்க்கு ஒரு தூக்கு, சால்னாவுக்கு ஒரு தூக்கு, மளிகைக்குத் துணிப்பை. இன்று பருவநிலை, பருவநிலை என்று கூவுகிற பிள்ளைகள்தான் ஊரைக் குப்பையாக்கினார்கள்."

படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. நான் பிறந்தது 1998ல். விவரம் தெரிந்த வயதில் எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கொத்துப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆணியை அடித்தது என் தலைமுறை இல்லை. ஐயா, ஒரே ஒரு கேள்வி: 1990 வரை நுழையாத பையை 1991ல் வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்?

பேட்டைப் பெரியவர்:
அம்மா, நான் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். என் தாயாரின் பித்தளைத் தூக்கு இன்றும் என் வீட்டில் இருக்கிறது. மூடியில் பெயர் பொறித்திருக்கும். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துப் போடுவார்கள். பூசி முடித்துப் பஞ்சால் துடைத்ததும் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். புளி போட்டுத் துலக்கித் துலக்கிப் பொறித்த பெயரே பாதி தேய்ந்துவிட்டது. ஒரு பாத்திரம், மூன்று தலைமுறை. உங்கள் வீட்டில் மூன்று மாதம் தாங்கிய பொருள் ஒன்றைச் சொல்லுங்கள்.

படுக்கப் பத்தமடைப் பாய். கருப்பட்டி உடன்குடியிலிருந்து ஓலைக் கொட்டானில் வரும். கொட்டான் கிழிந்தால் அடுப்புக்குப் போகும். விசேஷ வீட்டில் சாப்பிட்ட இலை மாட்டுக்குப் போகும். எங்கள் வீட்டில் குப்பைத் தொட்டி என்று ஒரு பொருளே இருந்ததில்லை. இதற்குப் பெயர் பசுமை வாழ்க்கை என்று யாரும் எங்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

கொக்கிரகுளத்தாள்:
தூக்கு அழகாக இருக்கிறது. கேள்விக்குப் பதில் எங்கே? 1991ல் யார் கொண்டுவந்தது?

வள்ளியூர்க் காற்று:
இரண்டு பேருக்கும் ஒரு செய்தி. பாலிதீன் பை வேறு, புவி சூடாவது வேறு. பை சாக்கடையை அடைக்கும், மாட்டின் வயிற்றை அடைக்கும். பூமியைச் சூடாக்குவதில் பெரும்பங்கு நிலக்கரி, பெட்ரோல், டீசலை எரித்து வருகிற கரியமில வாயுவுக்கு. அதற்கு அடுத்தது மாட்டிலிருந்தும் நீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் வரும் மீத்தேன். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாகக் கட்டப்பட்டது, மொத்தம் 1,050 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. பேச வேண்டியது மின்சாரத்தையும் வண்டியையும் பற்றி. தூக்கை விடுங்கள்.

பேட்டைப் பெரியவர்:
தூக்கை விடச் சொல்ல நீங்கள் யார், தம்பி? காற்றாலையில் வேலை பார்ப்பதால் உலகத்தில் உள்ளதெல்லாம் காற்றாலை ஆகிவிடுமா?

1991 என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கடைக்காரர் கொடுத்தார், வாங்கிக்கொண்டோம். பால் பாக்கெட்டில் வந்தது, பாக்கெட்டில் வாங்கினோம். நாங்கள் கேட்டு வரவில்லை. நீங்கள் கைபேசியைத் தடவிக் கேட்டு வரவழைக்கிறீர்கள். ஒரு பிரியாணிக்குள் எத்தனை டப்பா? தயிர்ப்பச்சடிக்கு ஒன்று, கத்தரிக்காய்க்கு ஒன்று, மேலே ஒரு பை, பைக்கு மேல் இன்னொரு பை.

பாளை வெயில்:
"கடைக்காரர் கொடுத்தார், வாங்கிக்கொண்டோம்." ஆக, கை நீட்டியது உங்கள் தலைமுறை. எழுத்திலேயே வந்துவிட்டது. இனி என்ன விவாதம்?

பேட்டைப் பெரியவர்:
தம்பி, என் வாயில் சொல்லைத் திணிக்கவேண்டாம். தென்காசிச் சாலை விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

பாளை வெயில்:
தென்காசிச் சாலையை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லது. சாலையை அகலப்படுத்தியபோது நிழல் கொடுத்த மருதமரங்கள் சாய்ந்தன. அன்று இதே பெரியவர் "வளர்ச்சி வேண்டுமென்றால் மரம் போகத்தான் செய்யும்" என்று எழுதினார். ஓலைக் கொட்டானுக்காகக் கண்ணீர் விடுகிறவருக்கு மருதமரத்துக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நான் மறக்கவில்லை.

பேட்டைப் பெரியவர்:
அந்தச் சாலையில் விபத்தில் போன உயிர்களை வைத்து எழுதினேன். பாதியை வெட்டிப் போடுகிறீர்கள்.

களக்காட்டு வாழை:
நான் நடுவயதுக்காரன், இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன். ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். பெரியவர் இலையைப் பற்றிப் பேசியதால் எழுதுகிறேன். அண்மையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். போட்டது வாழை இலையைப் போல அச்சடித்து, மேலே பிளாஸ்டிக் பூசிய காகிதம். சூடான சாம்பாரை ஊற்றியதும் ஓரம் சுருண்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது, இந்த மாதிரித் தாளும் அதில் வரும். அந்தப் பந்தியை ஏற்பாடு செய்தவர் மாப்பிள்ளை அல்ல, மாப்பிள்ளையின் தாத்தா. வெளியே என் போன்றவர்களின் இலைக்கட்டு விலை போகாமல் வாடிக்கொண்டிருக்கிறது.

கொக்கிரகுளத்தாள்:
நன்றி, அண்ணாச்சி. எல்லாக் கல்யாணத்துக்கும் தாம்பூலப்பை அச்சடிப்பதும் தாத்தாக்கள்தான்.

என் பக்கத்தையும் சொல்கிறேன். பரோட்டா வாங்க நான் எவர்சில்வர் தூக்கோடுதான் போகிறேன். கடைப் பையன் சால்னாவை முதலில் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அந்தப் பையைப் பத்திரமாக என் தூக்குக்குள் இறக்கி மூடியைப் போட்டான். நேரே ஊற்று என்று சொன்னதற்குக் கல்லாவில் இருந்த முதியவர், "அளவு தெரியாது, அம்மா" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். 1990 வரை அளவு தெரிந்தது, 1991ல் எப்படித் தெரியாமல் போனது?

பேட்டைப் பெரியவர்:
அகப்பைக் கணக்கு போய்விட்டது. சால்னாவை அகப்பையால் அளந்து ஊற்றும் கை வேண்டும். அந்தக் கையை வேலைக்கு வைத்துக்கொள்ள இன்று யாரும் இல்லை. இதைத்தான் நானும் சொல்கிறேன். உங்கள் அனுபவம் என் கட்சிக்குத்தான் சாட்சி.

கொக்கிரகுளத்தாள்:
இல்லை, என் கட்சிக்கு.

பேட்டைப் பெரியவர்:
ஆற்றுக்கு வருகிறேன். நாங்கள் குறுக்குத்துறையில் குளித்து, அந்தத் தண்ணீரையே குடத்தில் எடுத்துவந்து குடித்தோம். ஆற்றைத் தாய் என்றோம். வெள்ளம் வந்தால் முருகன் கோயிலை ஆறு மூடும். அதற்கு முன்பே உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். வெள்ளத்தோடு வாழத் தெரிந்த தலைமுறை எங்களுடையது. 1992 நவம்பரிலும் வெள்ளத்தைப் பார்த்தோம், கூச்சல் போடவில்லை.

கொக்கிரகுளத்தாள்:
தாயா? பாபநாசத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். பரிகாரம் என்று உடுத்திய வேட்டியையும் சேலையையும் ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். துணி அகற்றும் வேலைக்கு நான் இறங்கியிருக்கிறேன். இப்போதைய சேலை பருத்தி இல்லை, பாலியெஸ்டர். மட்கவே மட்காது. கல்லிடுக்கில் சிக்கியதை இழுத்தால் மணலும் பாசியும் ஏறி ஆளையே உள்ளே இழுக்கும் கனம். ஒரு சேலை மடிப்புக்குள் விரல் நீளக் கெளுத்திக் குஞ்சுகள் மூச்சு முட்டிக் கிடந்தன. நான் கையால் எடுத்தேன். அந்தத் துணிகளை விட்டவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் இல்லை, உங்கள் வயதுக்காரர்கள்.

பேட்டைப் பெரியவர்:
அவர்கள் வெளியூர்க்காரர்கள். நெல்லைக்காரன் எவனும் ஆற்றில் துணி விடமாட்டான்.

களக்காட்டு வாழை:
ஆற்றில் கலக்கும் சாக்கடையும் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறதா?

பேட்டைப் பெரியவர்:
சாக்கடைக்கு மாநகராட்சியைக் கேளுங்கள்.

பாளை வெயில்:
தாமிரபரணிக்கு நின்றது யார் என்று பார்ப்போமா? கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொடுப்பதை 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலமாக நிறுத்தியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் இந்தத் தண்ணீரையும் பேசினார்கள். அந்தச் சூட்டில்தான் மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அப்போது என் கையில் பதாகை இருந்தது. உங்கள் கையில் என்ன இருந்தது, ஐயா? தூக்கா?

பேட்டைப் பெரியவர்:
அதே மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கோடையில் அதே பதாகைக் கைகளில் அதே புட்டிகளைப் பார்த்தேன். ஒரு மாதம் பொங்குவீர்கள், பதினோரு மாதம் மறப்பீர்கள். நாங்கள் ஆயுள் முழுக்க மோர் குடித்தோம்.

வெயிலைப் பெயரிலேயே வைத்திருக்கிறீர்கள், உங்கள் வீட்டில் ஏசி எத்தனை டிகிரியில் ஓடுகிறது? 18ல் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிற பிள்ளைகளை என் வீட்டிலேயே பார்க்கிறேன்.

பாளை வெயில்:
என் தாத்தா ஓட்டு வீட்டில் முற்றத்தில் படுத்தார். அதை இடித்துக் கான்கிரீட் பெட்டி கட்டியது அப்பா. வேப்பமரம் குப்பை போடுகிறது என்று வெட்டியதும் அவர்தான். இரவு பதினொரு மணிக்கும் மொட்டைமாடித் தளம் காலைச் சுடுகிறது. பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குள் ஏன் ஏசி போடுகிறாய் என்று கேட்டால் என்ன நியாயம்?

வள்ளியூர்க் காற்று:
இதற்காகத்தான் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள ஏசி எல்லாம் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி வந்தது. கூரை வெயிலையும் பயன்படுத்தலாம். 2024ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். ஒரு கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கொடுக்கும். தலைமுறையைத் திட்டினால் ஒரு யூனிட்டும் வராது.

வெள்ளத்துக்கும் வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஒரு மழைக்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. இனி இப்படிப்பட்ட மழைக்கு வாய்ப்பு கூடுகிறது என்கிறேன். 1992ல் பார்த்ததை வைத்து இனிமேல் வரப்போவதை அளக்க முடியாது.

பேட்டைப் பெரியவர்:
காற்றாலைத் தம்பிக்குக் கரியமில வாயுதான் எல்லாம் என்றால் கூடங்குளத்தை ஏன் சொல்லவில்லை? தலா 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு, புகையில்லாத மின்சாரம். உங்கள் காற்றாலை ஜூன் முதல் செப்டம்பர் வரை சுற்றும், மற்ற மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அணு மின்சாரம் ஆண்டு முழுக்க வரும். அதையும் வேண்டாம் என்று 2011ல் தெருவில் உட்கார்ந்தவர்கள் யார்?

இடிந்தகரைக் கடலான்:
எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் எங்களைச் சொல்கிறீர்கள், அதனால் வருகிறேன். அந்தப் போராட்டப் பந்தலில் பாட்டியும் பேத்தியும் ஒரே ஓலையில் உட்கார்ந்தார்கள். தலைமுறைக் கணக்கு அங்கே எழவில்லை. உலை குளிரக் கடல்நீர் உள்ளே போய்ச் சூடாக வெளியே வருகிறது. அந்தக் கடலில் வலை போடுகிறவன் நான். பேட்டையில் உட்கார்ந்துகொண்டு புகையில்லாத மின்சாரம் என்று எழுத எளிதாக இருக்கிறது. உங்கள் தெருவில் ஓர் உலை வைக்கச் சம்மதமா?

பேட்டைப் பெரியவர்:
உணர்ச்சியில் பேசவேண்டாம். அந்த மின்சாரத்தில்தான் உங்கள் ஊர் ஐஸ் ஆலையும் ஓடுகிறது.

இடிந்தகரைக் கடலான்:
கேட்டது ஐஸ் ஆலையைப் பற்றியல்ல. உங்கள் தெருவில் வைக்கச் சம்மதமா, இல்லையா?

வள்ளியூர்க் காற்று:
காற்றாலை நிற்கும் மாதங்களில் சூரியத் தகடு ஈடுகட்டும் என்பதை யாராவது ஒருவர் காதில் வாங்குவீர்களா?

கொக்கிரகுளத்தாள்:
நல்ல வேலை செய்தார் பெரியவர். 1991லிருந்து கூடங்குளத்துக்கு அழைத்துவந்துவிட்டார். எந்த ஊருக்கு அழைத்துச் சென்றாலும் நான் திரும்பி வந்து இதையேதான் கேட்பேன்.

பேட்டைப் பெரியவர்:
கேட்டுக்கொண்டே இருங்கள். பையைக் கண்டுபிடித்தது நான் இல்லை. ஆலை வைத்தது நான் இல்லை. கடைக்காரர் கொடுத்ததை மூன்று பிள்ளைகளையும் ஒரு சம்பளத்தையும் வைத்துக்கொண்டு வாங்கினேன். அந்தப் பையையும் தூர எறியாமல் கழுவிக் கொடியில் காயப்போட்டு, கிழியும் வரை பயன்படுத்தினாள் என் மனைவி. உங்களில் எவர் ஒரு பையைக் கழுவினீர்கள்? பருவநிலைக்காகப் பதாகை எழுதும் பிள்ளைகள் அதை ஃபிளெக்ஸில் அச்சடிக்கிறார்கள். அதுவும் பிளாஸ்டிக்தான். முதலில் பதாகையைத் துணியில் எழுதிவிட்டு எனக்குப் பாடம் எடுக்க வாருங்கள். பாபநாசத்தைப் பற்றி எழுதியதில் "உங்கள் வயதுக்காரர்கள்" என்ற சொல்லை அந்தப் பெண் நீக்கவேண்டும். இல்லாவிட்டால் நடுவரிடம் முறையிடுவேன்.

கொக்கிரகுளத்தாள்:
நீக்கமாட்டேன். கொடியில் காய்ந்த பை எந்த ஆண்டு வீட்டுக்குள் வந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

பாளை வெயில்:
என் பதாகை துணிதான், ஐயா. மருதமரத்துக்கு என்ன பதில்?

இடிந்தகரைக் கடலான்:
எனக்கும் இன்னும் பதில் வரவில்லை.

பேட்டைப் பெரியவர்:
ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தருகிறேன். முதலில் தென்காசிச் சாலை. அன்று நான் எழுதிய முழுப் பதிவையும் தேடி எடுத்து இங்கே போடுகிறேன், பாதியை மட்டும் காட்டியவர் யார் என்று எல்லாரும் பார்க்கட்டும்.