மூங்கில் ராடை ஒழித்தது தடையா, கண்ணாடி இழையா?

கணுவிடை:
அமெரிக்காவின் பழைய மூங்கில் ஃபிளை ராடுகளை, அதாவது இறகால் கட்டிய பொய் ஈயை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அதெல்லாம் போட்டியில் தோற்ற சரக்கு" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். தோற்கவில்லை, மூச்சை அடைத்தார்கள் என்பதுதான் என் கட்சி. ராட் செய்த ஹைரம் லியோனர்டு தொழிலைத் தொடங்கிய காலத்தில் கல்கத்தா மூங்கில்தான். அப்புறம் சீனாவின் குவாங்டோங்கிலிருந்து டோங்கின் மூங்கில் வந்தது, அதன்பின் கல்கத்தாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெய்ன், கேரிசன் மாதிரி ராட் செய்தவர்கள் எல்லோரும் டோங்கினை நம்பித்தான் இருந்தார்கள். 1950-இல் சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டது, 70-களின் தொடக்கத்தில்தான் நீங்கியது. இருபது வருடம் கச்சாப்பொருள் வராத தொழில் எப்படி நிற்கும்?

தக்கை:
அண்ணே, தேதியைப் பாருங்கள். ஷேக்ஸ்பியர் கம்பெனி கண்ணாடி இழை ராடைக் கடைக்குக் கொண்டுவந்தது 40-களில், தடைக்கு முன்பே. பெரிய பட்டறைகளில் மூங்கில் இருப்பும் இருந்தது, பெய்ன் தடைக் காலத்திலும் செய்துகொண்டுதான் இருந்தார். சரி, தடை நீங்கியதும் ஜனங்கள் மூங்கிலுக்குத் திரும்பினார்களா? 1973-இல் ஃபென்விக் கம்பெனி கிராஃபைட் (கார்பன் இழை) ராடை இறக்கியது, எல்லோரும் அங்கே போனார்கள். நல்லது தானாக நிற்கும். 1922-இல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்ற பொய் ஈ இன்றும் டிரவுட் மீன் பிடிக்கிறவர்கள் பெட்டியில் இருக்கிறதே, அதை யார் தாங்கிப் பிடித்தார்கள்?

கணுவிடை:
ஈயையும் ராடையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஆடம்ஸுக்குச் சாம்பல் நிற உடல், இரண்டு வகைச் சேவல் இறகு, கை பழகியவர் பேசிக்கொண்டே கட்டிவிடுவார். ராடுக்கு மூங்கிலைப் பத்தையாகப் பிளந்து, கணுக்கள் ஒரே இடத்தில் விழாதபடி தள்ளித் தள்ளி அமைத்து, எஃகு அச்சில் வைத்து ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழைக்க வேண்டும். உள்பக்கத்தை மட்டும்தான் இழைக்கலாம். பலமான நார் வெளித்தோலுக்கு அடியில்தான் நெருக்கமாக ஓடுகிறது, அந்தப் பக்கம் இழைப்புளி ஆழமாகப் பட்டால் பத்தையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நுனிக்கு வரும்போது கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இப்படி ஆறு பத்தை சேர்த்து ஒட்டினால் ஒரு துண்டு. கேரிசன் பொறியாளர், எந்த இடத்தில் எவ்வளவு இழுவிசை விழும் என்று கணக்குப் போட்டுத்தான் கனத்தையே தீர்மானித்தார். இவ்வளவு உழைப்புக்கு விலை ஏறத்தான் செய்யும். விலை கட்டுப்படியாகவில்லை என்பது வேறு, பொருள் மட்டம் என்பது வேறு.

செங்கொண்டை:
நடுவில் நுழைகிறேன். ஈயிலும் தடைக் கதை உண்டு. ஜாக் ஸ்காட் மாதிரி பழைய சால்மன் ஈக்களின் பக்கவாட்டில் மெழுகு பூசியதுபோல் மின்னும் புள்ளி இறகு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து எடுப்பது. இந்தியா ஏற்றுமதியைத் தடுத்தது, கோழிக்கு நல்லதுதான். ஆனால் பழைய ஈக்களின் மேல் இருக்கும் பைத்தியம் போகவில்லை. 2009-இல் இங்கிலாந்தில் டிரிங் அருங்காட்சியகத்துக்குள் ஒரு பையன் புகுந்து பாடம் செய்த பறவைகளைக் கிட்டத்தட்ட 300 திருடினானே, அதெல்லாம் இந்த மாதிரி ஈ கட்டும் இறகுக்காகத்தான்.

தக்கை:
இது என் பக்கம் பேசுகிற உதாரணம் சார். ஆற்றில் இறங்கி சால்மன் பிடிக்கிறவர்கள் விலங்கு முடி வைத்துக் கட்டிய ஈக்கு எப்போதோ மாறிவிட்டார்கள், மீனும் குறை சொல்லவில்லை. இறகு ஈ கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டது. மூங்கிலும் அதே வழிதான்.

கணுவிடை:
எங்கே போனது? கேரிசன் 1975-இல் இறந்தார், 1977-இல் அவர் செய்முறையை முழுதாக விளக்கும் புத்தகம் வந்தது, அதைப் பார்த்து வீட்டுப் பட்டறையில் ராட் செய்யக் கற்றவர்கள் எத்தனையோ பேர். சின்ன ஓடையில் பதினைந்து அடிக்குள் ஈயை இறக்கிப் பாருங்கள், வேகமான கிராஃபைட் விறைத்துக்கொண்டு நிற்கும், மூங்கில் தன் எடைக்கே வளைந்து கொடுக்கும்.

தக்கை:
பதினைந்து அடிக்குக் கண்ணாடி இழையும் அழகாக வளையும் அண்ணே. கார் கதவில் மாட்டி உடைந்தாலும் சாப்பாடு இறங்கும்.