யூடியூப்பில் ‘நிறை’ வேறு, எங்கள் புத்தகத்தில் ‘நிறை’ வேறு: தரம் 10 வகுப்பில் நடந்தது

வணக்கம். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்துவிட்டு, மூன்றாம் வருடக் கட்டுறு பயிற்சிக்காகக் கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அடுத்து நியமனம் கிடைத்தால் சொந்த வகுப்பு. அதற்குள் இன்டர்நெட்டை வகுப்பில் எப்படிப் பாவிப்பது என்று ஒரு தெளிவுக்கு வந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கு நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

தரம் 10க்குத் திணிவும் நிறையும் படிப்பித்தேன். திணிவு கிலோகிராமில், நிறை நியூற்றனில், சந்திரனுக்குப் போனால் திணிவு மாறாது, நிறை கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்காகிவிடும். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். முன்வரிசையில் இருக்கிற, எப்போதும் கவனமாக எழுதுகிற பிள்ளை, “சந்திரனில் நிறை மாறாது, நிறையின் அலகு கிலோகிராம்” என்று எழுதி, கீழே அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடும் போட்டிருந்தாள். அவ்வளவு நிச்சயம் அவளுக்கு. கொப்பியைக் கொடுக்கும்போது கேட்டேன். “மிஸ், நீங்கள் சொன்னது விளங்கவில்லை என்று வீட்டில் வீடியோ பார்த்தேன், அதில் இப்படித்தான் சொன்னார்கள்” என்றாள்.

அன்று பின்னேரம் அந்த வீடியோவைத் தேடி முழுதாகப் பார்த்தேன். தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர், என்னைவிட நன்றாகவே படிப்பிக்கிறார், பிழை ஒன்றும் இல்லை. அவர்கள் பாடத்திட்டத்தில் நாங்கள் திணிவு என்பதை நிறை என்கிறார்கள், நாங்கள் நிறை என்பதை எடை என்கிறார்கள். அவ்வளவுதான். பிள்ளை கேட்டதைச் சரியாகக் கேட்டு, சரியாக ஞாபகம் வைத்து, அதனாலேயே புள்ளியை இழந்திருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சையில் இதை எழுதியிருந்தால் விடைத்தாள் திருத்துபவருக்கு என்ன தெரியப்போகிறது, வெட்டிவிட்டுப் போயிருப்பார்.

அப்புறம்தான் மற்றச் சொற்களையும் பார்க்கத் தொடங்கினேன். ஒளித்தொகுப்பை அங்கே ஒளிச்சேர்க்கை என்பார்கள், இரசாயனவியலை வேதியியல் என்பார்கள், காபனீரொட்சைட்டைக் கார்பன் டை ஆக்சைடு என்பார்கள். இவற்றில் எனக்குப் பயமில்லை, ஏனென்றால் தெரியாத சொல் வந்தால் பிள்ளை கையை உயர்த்திக் கேட்கும். தெரிந்த சொல் வேறு கருத்தில் வந்தால் யார் கேட்பார்கள்? வேகமும் அப்படித்தான். எங்களுக்குக் கதி திசையில்லாதது, வேகம் திசையுள்ளது. அங்கே திசையில்லாததுக்குப் பெயர் வேகம், திசையுள்ளதுக்குத் திசைவேகம். இப்படிப்பட்ட சொற்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வருகிறேன்.

வீடியோ பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பிள்ளை விளங்கவில்லை என்றுதானே தேடியிருக்கிறாள். அடுத்த பாடவேளையில் அதே வீடியோவில் நான்கு நிமிடத்தை வகுப்பிலேயே போட்டேன். ‘நிறை’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் நிறுத்துவேன், எங்கள் சொல் என்ன என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். முதலில் தடுமாறினார்கள், மூன்றாம் நிமிடத்தில் நான் நிறுத்துவதற்கு முன்பே வகுப்பு முழுக்க “திணிவு!” என்று கத்துகிறது, பக்கத்து வகுப்பு சேர் வந்து எட்டிப் பார்த்தார்.

இன்னொன்று, மின்சுற்று. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துகிற ஃபெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கிற பரிசோதனைகளை, நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும், இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். வீட்டிலேயே லெப்டொப்பில் இறக்கிக்கொண்டு போய், கணினி அறையில் புரொஜெக்டரை இரவல் வாங்கிக் காட்டினேன். மின்கலம், ஆளி, குமிழ், நடுவில் இலத்திரன்கள் நீல நிறத்தில் ஓடுகின்றன. குமிழை எடுத்துவிட்டு வயரை மட்டும் தொடுத்தபோது மின்கலத்தில் தீப்பிடித்தது, பின்வரிசை எழுந்து நின்றுவிட்டது. அப்போது ஒரு பையன் கேட்டான்: “மிஸ், இலத்திரன் இந்தப் பக்கமாகப் போகிறது, புத்தகத்தில் மின்னோட்ட அம்புக்குறி ஏன் மற்றப் பக்கமாக இருக்கிறது?” கரும்பலகையில் அதே சுற்றை எத்தனை தடவை வரைந்திருக்கிறேன், ஒருவரும் இதைக் கேட்டதில்லை. மிச்ச நேரம் முழுக்க அந்தக் கேள்விக்கே போனது, நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த செயற்பாட்டை மறுநாளைக்குத் தள்ளிவிட்டேன்.

ஆனால் நெட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லி வீட்டுவேலை கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். என் வகுப்பில் பல வீடுகளில் ஒரே போன்தான், அது காலையில் அப்பாவுடன் வேலைக்குப் போய்விடும். பார்க்க வேண்டியதை நான் முதலில் கடைசிவரை பார்த்து, வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து பார்ப்பேன். இது சரிவருமா, சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஆசிரியை:

தங்கச்சி, போன் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. 2020 மார்ச்சில் பாடசாலை மூடியபோது நான் வாட்ஸ்அப்பில்தான் படிப்பித்தேன். ஒரு பிள்ளையின் பதில்கள் எப்போதும் இரவு பத்தரைக்குத்தான் வரும். சோம்பல் என்று நினைத்து ஒருநாள் கடிந்தும் பேசிவிட்டேன். தகப்பன் புறக்கோட்டையில் வேலை, அவர் வந்த பிறகு மூன்று பிள்ளைகளும் முறைவைத்து அந்தப் போனைப் பார்க்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது, இவன் கடைசி. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தம்தான். இன்னொரு விஷயம், வினாத்தாளைப் பாமினி எழுத்துருவில் அடித்து அப்படியே போனுக்கு அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன், அந்த எழுத்துரு இல்லாத போன்களில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரிந்தது. யூனிகோடில் அடியுங்கள், இல்லாவிட்டால் பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

தெமட்டகொடையிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியர்:

எனக்கு நடந்த நல்லதொன்றைச் சொல்கிறேன். நூலகம் இணையத்தளம் 2005இலிருந்து எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து போடுகிறது. அதிலிருந்து பழைய ஈழகேசரிப் பத்திரிகைப் பக்கம் ஒன்றை அச்செடுத்துத் தரம் 9க்குக் கொடுத்தேன். ‘லை’ பழைய வடிவத்தில், முன்னால் தும்பிக்கை வைத்த மாதிரி இருக்கும் அல்லவா, அதில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்தாள். “அப்பம்மா எனக்குக் கடிதம் இப்படித்தான் எழுதுவா, சேர்” என்றாள். மறுநாள் அந்தக் கடிதங்களில் ஒன்றையும் கொண்டுவந்தாள். அன்றைக்கு வகுப்பை அவள்தான் நடத்தினாள். உங்கள் சொற்கொப்பியை இங்கே பகிர முடியுமா? என் மகளும் தரம் 10தான்.

முதலில் எழுதியவர்:

கட்டாயம் பகிர்கிறேன் சேர். இப்போது ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது. அந்த முன்வரிசைப் பிள்ளையும் எனக்காக வீடியோ பார்த்துச் சொற்கள் பிடித்துத் தருகிறாள், நேற்று மூன்று கொண்டுவந்தாள். அக்கா, நானும் பாமினியில்தான் அடிக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய வினாத்தாளை இன்றிரவே யூனிகோடில் மாற்றிவிடுகிறேன்.