கல்வி வலயமும் பல்கலைக்கழகமும் கையெழுத்து வைத்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

(ஓர் உரையாடல். பேசுபவர்கள் புனைபெயரில் வருகிறார்கள்.)

திருநெல்வேலிச் சந்தி:
விசேட தேவையுள்ள பிள்ளைகளின் படிப்புப் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வடமாகாணக் கல்வித் திணைக்களமும் சேர்ந்து ஆய்வு செய்ய நிரந்தர உடன்படிக்கை வேண்டும் என்பது என் வாதம். இங்கிலாந்தில் கல்வி உளவியலாளராக வர விரும்புபவர் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட முனைவர் பட்டம் படிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி உள்ளூராட்சிச் சபைகளின் கல்விப் பிரிவில் வேலைப் பயிற்சி. அங்கே கண்ட சிக்கலே பலருக்கு ஆய்வுத் தலைப்பாகவும் ஆகிவிடுகிறது. இங்கேயும் மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். வலயத்தில் அதை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

நாவற்குழிப் பாலம்:
இங்கிலாந்தை விடுங்கள் அண்ணை. அங்கே 2014ஆம் ஆண்டுச் சட்டம் சபையின் தலையில் கடமையைக் கட்டிவிட்டிருக்கிறது. கேட்ட நாளில் இருந்து 20 வாரத்துக்குள் பிள்ளையின் தேவையைக் கணித்து, அதற்கான உதவித் திட்டத்தை எழுதி முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் 25 வயது வரை அது நீளும். சபை மறுத்தால் பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், போகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெல்கிறார்கள். அத்தனை ஆய்வு இருந்தும் நிலைமை அப்படி.

இங்கே கையெழுத்து யாரோடு? மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ பாடசாலைகள் இல்லை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு கல்வி மாகாணத்துக்கு வந்தது. மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, பிறகு ஆளுநர் நிர்வாகம். யாழ் இந்து, வேம்படி போன்ற தேசிய பாடசாலைகள் கொழும்பு அமைச்சின் கீழ். மாகாணத்தோடு வைக்கும் கையெழுத்து அந்த மதில்களைத் தாண்டாது.

திருநெல்வேலிச் சந்தி:
சபை இல்லாவிட்டாலும் திணைக்களம் இருக்கிறது தம்பி. யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இயங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் பணிப்பாளர் இருக்கிறார். கடமையும் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பாடசாலை அனுமதியில் பாகுபாடு கூடாது என்கிறது. 2016இல் கட்டாயக் கல்வி வயதை 16 வரை உயர்த்தினார்கள். சேர்த்த பிள்ளைக்கு வகுப்பில் என்ன நடக்கிறது என்றுதான் எவரும் பார்ப்பதில்லை.

விசேட அலகு டீச்சர்:
நடப்பதை நான் சொல்கிறேன். சாதாரண பாடசாலை ஒன்றில் விசேட கல்வி அலகு நடத்துகிறேன். ஓட்டிசம் உள்ள பிள்ளையும், காது சரியாகக் கேட்காத பிள்ளையும், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையும் ஒரே அறை. கையில் அறிக்கை உள்ள பிள்ளை குறைவு, இருந்தாலும் பழையது.

ஒருமுறை பயிற்சிப் பட்டறையில் தந்த படக்கட்டை வைத்துக் கணிப்பீடு செய்தோம். கம்பளிக் கையுறை, கணப்பு அடுப்பு, பனிச்சறுக்கு வண்டி என்று படங்கள். ஒரு மகன் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பூச்சியம். அதே மகன் இடைவேளையில் கன்ரீனில் 100 ரூபாய் கொடுத்து, மிச்சக் காசை எண்ணிப் பார்த்து, 10 ரூபாய் குறைந்தால் நகராமல் நிற்பான். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எங்கள் பிள்ளைகளை வைத்துச் சரிபார்த்த கணிப்பீட்டுக் கருவி இதுவரை என் கைக்கு வரவில்லை. அதைச் செய்யும் அறிவு பல்கலைக்கழகத்தில். பிள்ளைகள் வலயத்தில். இரண்டும் சேராமல் எப்படிச் செய்வது? எனக்கு வேண்டிய உடன்படிக்கை இவ்வளவுதான்.

வடமராட்சி அம்மா:
டீச்சர், நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆய்வு என்றாலே எனக்கு இப்போது பயம். ஒரு கல்வி நிறுவனத்தில் இருந்து வந்து நிறையக் கேள்வி கேட்டார்கள், மகளை வீடியோவும் எடுத்தார்கள். பெயரை மாற்றிவிடுவோம் என்றார்கள். அறிக்கையைத் தெரிந்தவர் ஒருவர் காட்டினார். ஊர், பாடசாலை, தரம், தகப்பனின் தொழில் எல்லாம் அப்படியே கிடக்கிறது. எங்கட ஊரில் இதற்கு மேல் பெயர் எதற்கு? எனக்கு ஒரு பிரதி தரவில்லை. மகளின் பேச்சுக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

நாவற்குழிப் பாலம்:
உடன்படிக்கை வந்தால் இது இன்னும் பெரிதாக நடக்கும், மேலே அரச முத்திரையும் இருக்கும். தனி மாணவர் வந்தால் அம்மா மாட்டேன் என்று சொல்லலாம். வலயத்தின் கடிதத்தோடு அதிபர் கூப்பிட்டு அனுப்பினால் எந்தத் தாய் மறுப்பார்?

வெள்ளை மேலங்கி:
பாலம் கடைசியாகக் கேட்டது நல்ல கேள்வி. மருத்துவபீட ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழு அனுமதி எடுக்க வேண்டும். கல்வி ஆய்வுக்கும் அதே இறுக்கம் வேண்டும், சம்மதத்தை அதிபர் வழியாக வாங்கக் கூடாது என்பதையும் எழுத்தில் போட வேண்டும்.

இன்னொன்று. எல்லாரும் பாடசாலையில் இருந்து தொடங்குகிறீர்கள். குழந்தையின் கிளினிக் கொப்பியில் எந்த வயதில் தலை நிமிர்த்தியது, எப்போது சொல் பேசியது என்று குறிக்க இடம் உண்டு. தரம் 1இல் அதை எந்த ஆசிரியர் பார்க்கிறார்? பிரதேச சபைக்குப் பாடசாலை இல்லைத்தான், முன்பள்ளி நடத்தும் சபைகள் உண்டே. மூன்று வயதில் பிடிக்கக்கூடியதைப் பத்து வயதில் பிடிக்கிறோம். பிடித்த பிறகும், பேச்சு மொழிச் சிகிச்சைப் பட்டம் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவபீடத்தில். அங்கே இருந்து தமிழில் வேலை செய்யக்கூடியவர் எத்தனை பேர் வடக்குக்கு வருவார்கள்? இணைந்து ஆராய வேண்டியது இதைத்தான்.

நாவற்குழிப் பாலம்:
சரி, கருவி வேண்டும் என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அதைச் செய்ய ஐந்து வருடம் பிடிக்கும் என்று வையுங்கள். அதற்குள் இடமாற்றப் பட்டியல் வரும். டீச்சரைத் தீவுப் பகுதியில் தரம் 8க்கு வரலாறு படிப்பிக்க அனுப்புவார்கள். கருவி அலுமாரியில் கிடக்கும்.

விசேட அலகு டீச்சர்:
என்னோடு பயிற்சி எடுத்த ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. அவர் போனதும் அலகைப் பூட்டினார்கள், பிள்ளைகளைச் சாதாரண வகுப்பின் கடைசி வாங்கில் இருத்தினார்கள். அதனால்தான் உடன்படிக்கையை நான் கேட்கிறேன். ஆய்வு முடியும் வரை அந்த அலகின் ஆசிரியரை மாற்றுவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதட்டும். பல்கலைக்கழகம் ஒரு தரப்பாகக் கையெழுத்து வைத்திருந்தால் கேட்க ஒரு ஆளாவது இருக்கும். இப்போது எங்களுக்காக யார் கேட்கிறார்கள்?

திருநெல்வேலிச் சந்தி:
இதைச் சேர்த்து வரைவு ஒன்று எழுதப் போகிறேன். வெள்ளை மேலங்கி, சம்மதம் பற்றிய பகுதி உங்கள் பொறுப்பு.

வடமராட்சி அம்மா:
பெற்றோரையும் கூப்பிடுங்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை பின்னேரம் வையுங்கள். கிழமை நாளில் மகளை விட்டுவிட்டு வர ஆள் இல்லை.

நாவற்குழிப் பாலம்:
நானும் வருவேன். குத்துவிளக்கு ஏற்றிப் படம் எடுத்து முகநூலில் போடத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன்.