நான்கு மாதம் பயிற்சி, மூன்று மணி நேரம் நாற்காலி: மிலோங்கா யாருக்காக?

தெற்குக்காற்று
ஒரு செமஸ்டர் படிக்கப் புவெனஸ் ஐரிஸ் வந்தவன் நான். ஆகஸ்டில் கல்லூரி தொடங்கிய கையோடு டாங்கோ வகுப்பிலும் சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு மாலை, நான்கு மாதம். போன சனிக்கிழமைதான் முதல்முறையாக மிலோங்காவுக்கு, அதாவது டாங்கோ ஆடக் கூடும் இரவுக் கூடத்துக்கு, தனியாகப் போனேன். 11 மணிக்குப் போய் 2 மணி வரை நாற்காலியைத் தேய்த்ததுதான் மிச்சம்.

அங்கே வாயைத் திறந்து "ஆடலாமா?" என்று கேட்கக் கூடாதாம். தூரத்திலிருந்தே கண்ணைப் பார்க்க வேண்டும். அவரும் பார்த்தால் தலையை லேசாக அசைக்க வேண்டும். கபெசேயோ என்று அதற்குப் பெயர். மங்கல் வெளிச்சத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு மேஜைக்கே போய்க் கையை நீட்டினேன். அந்த அம்மா புன்னகைத்துவிட்டுக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். வார் நன்றாகத்தான் இருந்தது.

பழைய ஆட்கள் புதியவர்களை உள்ளே விடாமலிருக்கப் போட்ட வேலிதான் இந்தக் கபெசேயோ. ஒரு செமஸ்டருக்கு வரும் மாணவர்கள் இதில் நேரத்தைப் போடாதீர்கள் என்பதே என் கருத்து.

பாதிராத்திரி
வேலியேதான். ஆனால் யாரைக் காக்கிற வேலி என்று யோசித்தீர்களா? ஒரு தாந்தா என்றால் மூன்று அல்லது நான்கு பாட்டு. பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்பின் தெரியாதவரின் நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்து நிற்க வேண்டும். நடுவில் "கிராசியாஸ்" (நன்றி) சொல்லிவிட்டு நகர்ந்தால் முகத்தில் அடித்த மாதிரி. அதனால் சம்மதமா என்பதை முன்கூட்டியே, சத்தமில்லாமல் தீர்த்துக்கொள்கிறார்கள். பிடிக்கவில்லையா, பார்வையை வேறு பக்கம் திருப்பினால் போதும். இரண்டு பேருக்கும் மானம் போகாது. நீங்கள் மேஜைக்கே போய் நின்றதும் அவருக்கு மிஞ்சியது செருப்பு வார் மட்டும்தான்.

நேரம் வீண் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் இங்கே முதுகலை படிக்கிறேன், இரண்டாவது வருடம். ஒவ்வொரு பாட்டும் தொடங்கியதும் இங்கே யாரும் உடனே ஆடுவதில்லை. அரை நிமிடம் நின்று பேசிவிட்டுத்தான் கைகோர்ப்பார்கள். அந்த அரை நிமிடங்களில்தான் என் ஸ்பானிஷ் வளர்ந்தது. புத்தகத்தில் "எரெஸ்" என்று படித்துவிட்டு வந்தவளிடம் எல்லோரும் "தே தோந்தே சோஸ்?" என்றுதான் கேட்டார்கள். புத்தகத்து எரெஸுக்கு (நீ இருக்கிறாய்) இந்த ஊரில் சோஸ். எந்த ஊர் என்று கேட்கிறார்கள் எனப் புரியவே ஒரு வாரம் ஆனது.

கணக்குப்பிள்ளை
கூடம் கோணல் என்று சொல்வதற்காவது தம்பி ஒருமுறை ஆடியிருக்க வேண்டும்!

கிண்டல் போதும். டாங்கோவின் பொற்காலம் என்கிற 1935 முதல் 1955 வரை, பையன்கள் முதலில் பிராக்டிக்கா என்கிற பயிற்சிக் கூட்டத்தில் ஆணோடு ஆண் சேர்ந்து பழகினார்கள். பெண் ஆடும் அடிகளையும் கற்றார்கள். கூடத்துக்கு வந்தது அதன் பிறகுதான். நான்கு மாத வகுப்பை வைத்துக்கொண்டு சனிக்கிழமை இரவு பெரிய கூடத்தில் இறங்குவது, நீச்சல் குளத்தில் பழகிவிட்டு நேரே கடலில் குதிக்கிற கதை. ஜோடிகள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரே வரிசையாகச் சுற்றுவார்கள். ஒருவர் தடுமாறினால் பின்னால் பத்து ஜோடி நிற்கும். இந்த ஊரின் பெல்கிரானோ பகுதியில் லா கிளோரியேத்தா என்று பூங்காவுக்குள் ஒரு திறந்த மண்டபம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள், அவ்வளவு இறுக்கம் இருக்காது.

நீலா
பாதிராத்திரி சொல்வதில் பாதிதான் உண்மை. இருவருக்கும் சமம் என்கிறீர்கள். வழக்கப்படி தலையை அசைப்பது ஆண்தானே? பெண் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெண்கள் கூட்டம் அதிகமான இரவில் எங்கள் வரிசை முழுக்க முதுகு நிமிர்த்திக் காத்திருக்கும். தெற்குக்காற்று ஒரு நாள் அனுபவித்ததை நான் ஒரு வருடம் அனுபவித்தேன். சம்மதம் என்பதெல்லாம் சரி, ஆனால் கேட்கிற உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் அதற்குப் பெயர் வேறு.

அதனால் நடத்துகிற பங்கையும் நானே கற்றுக்கொண்டேன். ஆண், பெண் என்று பங்கு பிரிக்காத குயிர் டாங்கோ நடக்கும் இடங்களில் யார் நடத்துவது, யார் தொடர்வது என்பதை ஆடுகிறவர்களே முடிவு செய்கிறார்கள். அங்கே போன பிறகுதான் எனக்கு இந்த ஆட்டமே பிடித்தது.

பாதிராத்திரி
நீலா, நானும் காத்திருந்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் குறை கண்ணசைவில் இல்லை, யார் அசைக்கலாம் என்ற வழக்கத்தில். நான் இப்போது முதலில் அசைக்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

தெற்குக்காற்றிடம் ஒன்று கேட்க வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பார்த்தீர்கள்? தாந்தாவின் முதல் பாட்டு ஒலிக்கும்வரை பலர் கண்ணையே தூக்க மாட்டார்கள். தி சார்லி இசைக்குழு என்றால் நிதானமாக நடக்க ஒருவர், தாரியென்சோ இசைக்குழு என்றால் துள்ள இன்னொருவர் என்று மனதில் கணக்கு வைத்திருப்பார்கள்.

தெற்குக்காற்று
எந்த இசைக்குழு என்றெல்லாம் எனக்குத் தெரியாது. என் வகுப்பில் சொல்லித் தந்தது காலைத் தூக்கி வீசுவதும் மேடைச் சுழற்சிகளும்தான். நான்கு மாதம் கட்டணம் வாங்கினார்கள். கபெசேயோ என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. என் கோபத்தில் பாதி அங்கே போக வேண்டியது, ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. எழுதி வைக்காத விதியை வெளியிலிருந்து வருபவன் எப்படித் தெரிந்துகொள்வான்?

கணக்குப்பிள்ளை
கேட்டுத்தான். அது இருக்கட்டும், தம்பி கண்ணாடி போடுகிறவரா?

தெற்குக்காற்று
ஆமாம். மைனஸ் நான்கு. ஆடும்போது அடுத்தவர் நெற்றியில் இடிக்குமே என்று கழற்றிப் பையில் வைத்திருந்தேன்.

நீலா
மூன்று மணி நேரமும்?!

தெற்குக்காற்று
...ஆமாம்.

பாதிராத்திரி
அப்படியானால் எத்தனை பேர் உங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "திமிர் பிடித்தவன்" என்று திரும்பிக்கொண்டார்களோ! வேலி பற்றிய உங்கள் வாதத்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கலாமா?

தெற்குக்காற்று
தள்ளி வைக்கலாம், வாபஸ் இல்லை. நீலா சொன்னதற்கு இன்னும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பிராக்டிக்காவுக்குப் போகிறேன், கண்ணாடியோடு.

கணக்குப்பிள்ளை
தளத்தில் இறங்கும்போது கழற்றினால் போதும். சட்டைப் பையில் மட்டும் வைக்காதீர்கள், அணைத்து ஆடும்போது நொறுங்கும். எனக்கு இரண்டு போயிருக்கிறது.