ஆங்கிலச் சொல் ஒன்று உங்களை மடக்கிய கதை உண்டா?

ஈசூன் வாசி:

நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்தியதற்காக என் மாமனாருக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தக் குற்றத்தை இத்தனை சிங்கப்பூர் வெள்ளிக்கு ‘காம்பவுண்டு’ செய்துகொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. மாமனார் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “காம்பவுண்டு என்றால் மேலும் மோசமாக்குவது. என் குற்றத்தைப் பெரிதாக்க நானே காசு கொடுக்க வேண்டுமாம், பார்த்தீர்களா மாப்பிள்ளை!” என்று கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

சட்டத்தில் அதன் பொருள் நேர் எதிர். நீதிமன்றம் வரை போகாமல், ஒரு தொகையோடு விவகாரத்தை முடித்துக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். சேர்த்து வைப்பது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. இரு தரப்பையும் சேர்த்து வைத்தால் சமரசம். ரசாயனச் சேர்மமும் கூட்டு வட்டியும் அதே வேரின் பிள்ளைகள். பிறகு எப்படி ‘மோசமாக்குவது’ வந்தது? இங்கிலாந்தில், பறிகொடுத்தவர் திருடனிடம் பணம் வாங்கிக்கொண்டு வழக்குத் தொடராமல் விடுவதே ஒரு குற்றமாக இருந்தது. அந்தக் குற்றத்தின் பெயரில் இந்தச் சொல் வரும். சட்டம் படிக்காதவர்கள் அதைக் கேட்டுவிட்டு, குற்றத்தோடு குற்றம் சேர்ப்பது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிழையே நிலைத்து அகராதியிலும் ஏறிவிட்டது. இதை விளக்கியதும் மாமனார், “ஆக, நான் சொன்னதும் அகராதியில் இருக்கிறது” என்றார். ஆசிரியரை யார் வெல்ல முடியும்?

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். ‘கில்’ என்பது ‘கொல்’, ‘எய்ட்’ என்பது ‘எட்டு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் தயவுசெய்து இங்கே கொட்ட வேண்டாம்.

கம்பத்து அத்தை:

சுவரை விட்டுவிட்டீர்களே! என் மருமகள் மதுரைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இத்தனை பெரிய கட்டடம், காம்பவுண்டே இல்லையே அத்தை” என்றாள். “நாங்கள் கம்பத்தில் இருந்தபோதும் இல்லை” என்றேன். உடனே அவள் முகம் மலர்ந்துவிட்டது. “கம்பத்தில் எந்தத் தெரு? என் சித்தி அங்கேதான் இருக்கிறார்!” அவள் நினைத்தது தேனிப் பக்கத்துக் கம்பம். நான் சொன்னது மலாய்க்காரர்களின் கம்போங், அதாவது கிராமம். சிங்கப்பூர்த் தமிழர் வாயில் அது கம்பம்.

வேடிக்கை என்னவென்றால் அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே சொல். சுற்றுச்சுவருக்குள் இருக்கும் வளாகத்தைக் குறிக்கும் காம்பவுண்டு, மலாய் கம்போங்கிலிருந்து வந்தது என்றே பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் கீழைக் கடல்களில் வணிகம் செய்த ஆங்கிலேயர்கள் காதில் விழுந்ததை, தங்களிடம் ஏற்கெனவே இருந்த சொல்லின் உருவத்தில் எழுதிவிட்டார்கள். மேலே சொன்ன லத்தீன் வேருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு அது இந்தியாவுக்குப் போய், பங்களாக்களைச் சுற்றி நின்று, தமிழில் ‘காம்பவுண்டுச் சுவர்’ ஆயிற்று. ஒருநாள் அவளை லோரோங் புவாங்கோக் கம்பத்துக்கு அழைத்துப் போனேன். தீவின் பெருநிலத்தில் மிஞ்சியிருக்கும் கடைசிக் கம்பம் அது. தகரக் கூரை வீடுகளைப் பார்த்துவிட்டு, “இங்கேயும் சுவர் இல்லையே” என்றாள்.

மளிகைக்காரர்:

எங்கள் கடையில் ஒரு மலாய் அம்மா ‘கிச்சாப்’ கேட்டார். ஊரிலிருந்து வந்திருந்த பையன் தக்காளி சாஸை நீட்டினான். அவர் கேட்டது சோயா. ஹொக்கியன் பேசும் சீனர்களின் மீன் சாறுதான் அந்தப் பெயருக்கு மூலம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் ஏறியது. தக்காளி வந்து ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில்தான். அந்த அம்மா கேட்டதே மூலத்துக்குப் பக்கம்.

செட்டித் தெரு:

மார்க்கெட் ஸ்திரீட்டை நம்மவர்கள் செட்டித் தெரு என்பார்கள். என் அப்பா அங்கே ஒரு கிட்டங்கியில் சமையல் வேலை பார்த்தார். சிறு வயதில் அவரோடு போயிருக்கிறேன். நீளமான கூடம், சுவரோரம் வரிசையாகச் செட்டியார்கள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு துண்டு இடம், சம்மணமிட்டு எழுதுவதற்கேற்ற தாழ்ந்த மேசை, பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. பகலில் அதுதான் வட்டிக்கடை. இரவில் மேசையை ஒதுக்கிப் பாயை விரித்தால் படுக்கை. சாம்பார் வாசமும் பேரேட்டுத் தாளின் வாசமும் கலந்திருக்கும். 1970களில் நகரச் சீரமைப்பு வந்தபோது அந்தத் தெருவின் பழைய முகமே போய்விட்டது.

அண்மையில் போட் கீயில் ஒரு மரபு நடையில் கலந்துகொண்டேன். ஆற்றங்கரைக் கிடங்குகளை ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ என்கிறோம் அல்லவா? கூலிகள் மூட்டையோடு படியில் கீழே இறங்கிப் போனதால் அந்தப் பெயர் என்றார் வழிகாட்டிப் பெண். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மலாயில் ‘குடாங்’, அதற்கும் பின்னால் தெலுங்குக் கிட்டங்கி, தமிழ்க் கிடங்கு. இங்கே போவதும் இல்லை, கீழிறங்குவதும் இல்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தன் குறிப்பேட்டில் ‘கிட்டங்கி’யை என்னையே எழுதித் தரச் சொன்னார்.

இதைக் கேட்டு உற்சாகமான ஒரு தமிழ் நண்பர், “அப்படியானால் ‘கேஷ்’ நம்முடைய காசு!” என்றார். பாதிதான் சரி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தமைப்பில் இரண்டு ‘கேஷ்’ இருக்கின்றன. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தை ஐரோப்பியர் அழைத்த ‘கேஷ்’ போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம் காசு. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளில் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அப்பா சமைத்துப் போட்ட செட்டியார்களுக்கு முன்னால் இருந்தது அந்தப் பெட்டிதான். நண்பருக்கு ஏமாற்றம். நமக்குரியதைக் கேட்டு வாங்குவோம், அடுத்தவர் பெட்டியில் ஏன் கை வைக்க வேண்டும்?

நாகப்பட்டினம் கப்பல்:

எங்கள் ஆத்தா போருக்கு முன்பு ரஜூலா கப்பலில் மேல்தளப் பயணியாக வந்தவர். இறங்கியதும் சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவில் வைத்துவிட்டார்கள். 1874 முதல் அங்கே நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. ‘குவாரண்டீன்’ என்றால் ஆத்தாவுக்கு மருந்து நெடியும் முள்கம்பியும். சொல்லோ இத்தாலியில் ‘நாற்பது நாள்’ என்பது. ரகூசா (இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக்) துறைமுகம் 1377இல் கப்பல்களை 30 நாள் காக்க வைத்தது. பின்னர் அது 40 ஆனது. 2020இல் எல்லார் வாயிலும் இந்தச் சொல் புரண்டபோது, எங்கள் வீட்டில் பேசியது ஆத்தாவைப் பற்றித்தான்.

தைப்பூசத் தம்பி:

இந்தத் தைப்பூசத்தில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வாசலில் அக்காவின் பால்குடத்துக்காகக் காத்திருந்தோம். அக்கா மகன், “டேங்க் எங்கே மாமா?” என்றான். அவன் தேடியது பீரங்கி வண்டி.

இந்தியாவின் மேற்குப் பகுதி மொழிகளில் நீர்த்தொட்டிக்கு இருந்த சொல்லும் போர்ச்சுகீசியச் சொல் ஒன்றும் கலந்து ஆங்கிலத்துக்குப் போனது டேங்க். ஏரி, தெப்பக்குளம் எல்லாமே ஆங்கிலேயருக்கு டேங்க்தான். 1915இல் கவச வண்டியை ரகசியமாகக் கட்டியபோது, வேலையாட்களுக்கு அது தண்ணீர்த் தொட்டி என்று தோன்றும்படி இந்தப் பெயரை வைத்தார்கள். 1916 செப்டம்பரில் அது போர்க்களத்துக்கு வந்தபின் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பயலுக்குக் குளத்தில் அக்கறை இல்லை, பொய்யில்தான் இருந்தது. பால்குடத்தோடு வந்துசேர்ந்த அக்காவை மூச்சுவிடக்கூட விடாமல், “அம்மா, உள்ளே தண்ணீர் என்று சொல்லி எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறார்கள்!” என்றான். அக்கா குடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.